பத்து வேண்டாம், மூன்று போதும்

கஷ்ட காலத்தில் நன்றி நோட்டு எழுதுவது பற்றிய ஒரு கட்டுரை, தினமும் காலையில் பத்து நன்றிகள் எழுதச் சொல்கிறது. அப்படிப்பட்ட காலத்தில் அது நான்காம் நாளே நின்றுபோகும். "குடும்பம், உடல்நலம்" என்று ஒப்புக்கு எழுதத் தொடங்கிவிடுவோம். 2005இல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு சோதித்த முறை எளிது: இரவில், அன்று நடந்த மூன்று நல்லவை, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று ஒரு வரி. ஒரு வாரம். அந்த 'ஏன்'தான் உயிர், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். "நண்பர் நல்லவர்" என்பதைவிட, "எனக்காக ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார், என் களைப்பு அவருக்குத் தெரிந்திருந்தது" என்று எழுதுங்கள். மனம் கனத்த நாளில் வலியை முதலில் இரண்டு வரி கொட்டிவிடுங்கள். மூடி மறைத்தால் நன்றி பொய்யாக ஒலிக்கும். தினமும் எழுதச் சலித்தால் வாரம் ஒருமுறை, ஐந்து நல்லவை எழுதுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் நோட்டு போதாது, மருத்துவரைப் பாருங்கள்.