சாலை வரி காடியின் வயசைப் பார்க்காது

பழைய பிஎம்டபிள்யூ ஈ92 எம்3 காடி வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டதற்கு ஓர் அண்ணன், "ஈ92 எம்3 பழசாகிடுச்சு, சாலை வரியும் குறைஞ்சிருக்கும். வாகனச் சோதனை நிலையமான புஸ்பகோம்ல பாஸ்னா இஞ்சினும் நல்லாதான் இருக்கும், யோசிக்காம எடு தம்பி" என்று எழுதியிருக்கிறார். ரெண்டுமே தப்புண்ணே.

தீபகற்ப மலேசியாவில் சாலை வரி இஞ்சினின் சிசி கணக்கு. தனிநபர் பெயரில் 3,000 சிசிக்கு மேல் போனால் அடிப்படை 2,130 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50. அந்த எம்3-இன் வி8 (எட்டு சிலிண்டர்) இஞ்சின் 3,999 சிசி. கூட்டினால் 6,625.50. வருஷா வருஷம் இதேதான்! 1.5 லிட்டர் மைவி காடிக்கு 90 ரிங்கிட் கட்டிப் பழகியவருக்கு நெஞ்சு அடைக்கும்.

புஸ்பகோமின் பெயர் மாற்றச் சோதனையில் சேஸி நம்பர், இஞ்சின் நம்பர், பிரேக், புகை இதெல்லாம் பார்ப்பார்கள். இஞ்சினைப் பிரித்தா பார்ப்பார்கள்? எஸ்65 எனப்படும் இந்த வி8 இஞ்சினில் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) பேரிங் தேய்வது ஊரறிந்த விஷயம். இஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை (எண்ணெய்த் தொட்டி) கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முன்பே மாற்றியிருந்தால் பட்டறை பில்லைக் கேளுங்கள்; வாய்வார்த்தை வேண்டாம்.

போன வருஷம் மச்சானோடு கோலாலம்பூர் செகாம்புட்டில் இதே காடி ஒன்று பார்க்கப் போனேன். காலை ஒன்பது மணி, பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. "இப்பதான் கழுவ எடுத்துட்டுப் போனோம்" என்றார் விற்பவர். டயர் இடுக்கில் காய்ந்த மண். ஆறிய இஞ்சினின் சத்தத்தை முதல் ஸ்டார்ட்டில் கேட்கவிடாமல் செய்யும் வேலை அது. மச்சான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடக் கூப்பிட்டான்.