டர்போ வண்டியில் சத்தத்துக்குப் போகும் காசு வேறு, இழுவைக்குப் போகும் காசு வேறு

ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடியோ ஸ்கோடா ஸ்லாவியா 1.5-ஓ (இரண்டிலும் ஒரே 1.5 டிஎஸ்ஐ டர்போ எஞ்சின்) எடுத்த கையோடு நிறைய பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எக்ஸாஸ்ட் மாத்தினா எத்தனை பிஎச்பி ஏறும்?" பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றினால் ஏறவே ஏறாது. ஏறினதாகத் தோன்றுவது காதுக்கு.

இதில் இ.சி.யு.வின் (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் காலத்து எஞ்சின் டார்க் (இழுவிசை) கணக்குப் பார்த்து ஓடுவது. 1.5 டிஎஸ்ஐயில் 1,600 முதல் 3,500 ஆர்பிஎம் வரை 250 நியூட்டன் மீட்டர் என்று கம்பெனி எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் காற்று தாராளமாகப் போகும்படி வழி செய்தாலும் இ.சி.யு. த்ராட்டிலையும் (காற்று வரும் வழி) வேஸ்ட்கேட்டையும் (டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் கதவு) சரிசெய்து அதே 250-இல் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே குழாய் முதலில், மேப் (இ.சி.யு.வில் ஏற்றும் புது அமைப்பு) அப்புறம் என்பது தலைகீழ் வரிசை.

குழாய்களில் உண்மையிலேயே வேலை செய்வது டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய்) ஒன்றுதான். டர்பைனைத் (புகை சுழற்றும் டர்போ சக்கரம்) தாண்டியதும் புகைக்கு முதல் தடை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி; சுருக்கமாக கேட். கம்பெனி கேட்டில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 கண்கள் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கேட் என்றால் 200. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் எழும்பும், அதே பூஸ்டுக்கு (டர்போ தரும் காற்றழுத்தம்) எஞ்சின் படும் பாடும் குறையும். ஆக்டேவியா ஆர்எஸ்230-இல் இருக்கும் 2.0 எஞ்சினுக்கு 3 அங்குலக் குழாய் சரி. 1.5-க்கு இரண்டரை அங்குலமே தாராளம்.

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்பதெல்லாம் மேப் பேக்கேஜ்களுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர். எதற்கும் பொதுவான வரையறை கிடையாது. "ஸ்டேஜ் 1-ல எவ்வளவு?" என்று கேட்காமல், "எந்த பெட்ரோலுக்கு எழுதின மேப், உச்ச டார்க் எத்தனை, எந்த ஆர்பிஎம்மில்?" என்று கேளுங்கள். வாயைத் திறக்காத ட்யூனரிடம் வண்டியை விடாதீர்கள்.

1.5 டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் இருப்பது டிக்யூ200 என்ற 7 கியர் பெட்டி. இரண்டு டிரை கிளட்ச், தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி எஞ்சினே அந்த அளவை நிரப்பிவிட்டது! மேப் போட்டு 300-க்கு மேலே தள்ளினால் முதலில் தெரிவது நான்காவது, ஐந்தாவது கியரில் ஸ்லிப்: ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. டிராஃபிக்கில் ஊர்ந்து சூடேறிய கிளட்ச் என்றால் இன்னும் சீக்கிரம். எஞ்சின் தாங்கும், பெட்டி தாங்காது. ஆர்எஸ்230-இன் டிக்யூ250 வேறு ஜாதி. எண்ணெயில் முங்கிய கிளட்ச், 350 வரை கணக்கு, கியர்பெட்டி சாஃப்ட்வேரில் கிளட்ச் அழுத்தத்தைக் கூட்டவும் இடமிருக்கிறது. ஆனால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றாமல் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

மேப் போட்ட அன்றே லாக் (ஓடும்போது சென்சார்கள் தரும் எண்களின் பதிவு) எடுத்துப் பார்ப்பது, என் கணக்கில், மேப்பை விட முக்கியம். மூன்றாவது கியர், 2,000-த்திலிருந்து 6,000 வரை, முழு ஆக்சிலரேட்டர். பொது ரோட்டில் வேண்டாம், டைனோவிலோ (வண்டியை நிறுத்தி ஓட்டி அளக்கும் ரோலர்) டிராக்கிலோ. எடுக்க வேண்டியவை: கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (வேஸ்ட்கேட்டை மூடி வைக்கும் அளவு), நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி நாக் ரிடார்ட் (எஞ்சின் தட்டினால் இ.சி.யு. தீப்பொறியைத் தாமதிக்கும் டிகிரி), லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்), ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்), உள்ளே வரும் காற்றின் சூடு. ஏதோ ஒரு சிலிண்டரில் இடையில் ஒருமுறை 2, 3 டிகிரி ரிடார்ட் வந்து போனால் பயமில்லை. எல்லாச் சிலிண்டரிலும் 5 டிகிரிக்கு மேல் வந்து அங்கேயே நின்றால் அந்த மேப் உங்கள் பெட்ரோலுக்கு எழுதியதல்ல. வேஸ்ட்கேட் டியூட்டி உச்சத்தில் இருந்தும் கேட்ட பூஸ்ட் வரவில்லை என்றால் இன்டர்கூலர் ஹோஸில் கசிவு தேடுங்கள். ரெயில் அழுத்தம் (1.5-இல் 350 பார், ஆர்எஸ்ஸில் 200) மேலே போகப் போகச் சரிந்தால் எரிபொருள் பம்ப் எல்லையைத் தொட்டுவிட்டது.

அந்தப் பம்புக்கு இப்போது இன்னொரு சுமை, இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). எத்தனால் கலந்ததால் ஆக்டேன் கூடியிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் அதே சக்திக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய பெட்ரோலில் எழுதின மேப்பை அப்படியே ஏற்றும் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு ஆபத்து கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிறது. ஆறாவது கியரில் 1,500-இல் போய்க்கொண்டே பெடலை முழுசாக மிதிப்பது. நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் தீப்பொறி வருமுன்பே எரிந்து வெடிக்கும் எல்.எஸ்.பி.ஐ. இங்கேதான் பிறக்கிறது; பிஸ்டன் ரிங் மேட்டை உடைக்க ஒருமுறை போதும். நல்ல ட்யூனர் 2,000-க்குக் கீழே டார்க்கை வேண்டுமென்றே அடக்கி வைப்பார். எஞ்சின் ஆயில் கம்பெனி அப்ரூவலோடு ஏபிஐ எஸ்பி தரமாக இருக்கட்டும். பிளக் ஒரு படி கோல்ட் (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் ரகம்), அதன் இடைவெளி 0.6 மி.மீ. பக்கம் வைத்தால் அதிக பூஸ்டில் தீப்பொறி அணையாது.

"பட் பட்" வேட்டு மேப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலை எடுத்ததும் பெட்ரோலை ஊற்றி, தீப்பொறியைத் தாமதமாக்கி, எக்ஸாஸ்டுக்குள் எரிய விடுகிறார்கள். அந்தச் சூடு டர்பைனுக்கும் கேட்டுக்கும் போகிறது. கேட்டின் உள்கூடு உருகிப் பொடிந்து சைலென்சரை அடைத்த பிறகு "வண்டி இழுக்கல" என்று வருவார்கள்.

1.5-இன் பின் சைலென்சரை அறுத்து நேர்க்குழாய் போடுபவர்களுக்கு ஒரு கணக்கு. 2,000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் எரிந்தால் நொடிக்கு 67 அதிர்வு. ஆனால் இந்த எஞ்சின் மெதுவாக ஓட்டும்போது இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களை அணைத்துவிடும். அதிர்வு 33 ஆகிவிடும். முழக்கத்தைக் கொல்ல அடைத்த பக்கக்குழாய் ஒன்று, ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு நீளத்துக்கு, வெல்டு செய்வார்கள். புகை 300 டிகிரி என்று வைத்தால் 67-க்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும், மடித்தாவது வைக்கலாம். 33-க்கு 3.6 மீட்டர். வண்டியே நாலரை மீட்டர்தான்! கம்பெனி அத்தனை பெரிய டப்பாவைச் சும்மா வைக்கவில்லை.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ மீறி மாற்றினால், 182ஏ-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சத்தம், புகை என்றால் 190(2): முதல் முறையே 10,000 ரூபாய் வரை. கேட்டை எடுத்துவிட்டு ஓட்டுவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை என்பது என் கட்சி. 200 கண் கேட் அதற்காகத்தான் இருக்கிறது. வாரண்டி விஷயத்தில், சர்வீஸுக்கு முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது என்று நம்பாதீர்கள். இ.சி.யு.வில் எத்தனை முறை எழுதினார்கள் என்ற எண்ணிக்கை தங்கிவிடும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் டிடி1 குறி (எஞ்சின் மேப் மாற்றப்பட்டது என்ற பதிவு) விழுந்தால் எஞ்சின், கியர்பெட்டி கிளெய்ம் அநேகமாக அவ்வளவுதான்.

டவுன்பைப் மாட்டியவர்கள் 500 கி.மீ. ஓடியதும், எஞ்சின் ஆறின பிறகு, டர்போவோடு சேரும் கிளாம்ப்பை இறுக்கிப் பாருங்கள். அங்கே முடி அளவு கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு முதல் ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் பத்தல" என்று பொய் சொல்லும், இ.சி.யு.வும் நம்பி ஊற்றும். ஃப்யூயல் ட்ரிம் (இ.சி.யு. கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் சதவீதம்) பிளஸ் பக்கம் 8, 10 என்று ஏறினால் மேப்பைத் திட்டாமல் முதலில் அந்த ஜாயின்ட்டைப் பாருங்கள்.