கச்சான் கணக்கு

அக்காவின் மகள் மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 9 படிக்கிறாள். போன தவணை அங்கே சிறுவர் சந்தை வைத்தார்கள். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து கச்சான் வறுத்து விற்றார்கள். முதல் 2,400 ரூபாய், நான் கொடுத்த கடன். இரண்டு கிலோ கச்சானுக்கு 1,900 போனது. பை, விறகு, பஸ் காசு என்று மிச்சம் 500. ஐம்பது பக்கற் கட்டினார்கள், ஒன்று 70 ரூபாய். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பின்னேரம் கொப்பியோடு ஓடி வந்தாள். "சின்னம்மா, 1,100 ரூபா லாபம்!"

காசை எண்ணிப் பார் என்றேன். 2,030 ரூபாய்தான் இருந்தது. இருபத்தொரு பக்கற் கடனுக்குப் போயிருந்தது. "எல்லாரும் நாளைக்குத் தாறன் எண்டுதானே வாங்கின" என்றாள். கொப்பியில் இலாபம், கையிலோ போட்ட முதலுக்கே 370 ரூபாய் குறைவு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

தொழில்முயற்சியாண்மைக் கல்வி நம் நாட்டில் சாதாரண தரத்துக்கு ஒரு பாடமாகவே இருக்கிறது. நோட்ஸ் இருக்கிறது, கடந்தகால வினாத்தாள் இருக்கிறது. ஆனால் இலாபம் வேறு, கையில் உள்ள காசு வேறு என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கியது எங்கள் வீட்டுத் திண்ணையில், அந்த 370 ரூபாயால்.

கதை அங்கே முடியவில்லை. கடனைக் கேட்க ஐவரும் கூச்சப்பட்டார்கள். ஒரு கிழமை போனது. பிறகு அவர்களில் ஒரு பொடியன், கடன்காரர்களின் பெயர், தொகை எல்லாவற்றையும் கொப்பியோடு படம் எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். "வெட்கம் இருந்தா குடுங்க" என்று கீழே ஒரு வரி. அன்றிரவே பாதிக் காசு வந்துவிட்டது. ஆனால் 140 ரூபாய் தர வேண்டிய ஒரு பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு அந்த மாதம் மீன்பிடியும் இல்லை, கூலியும் இல்லை.

போட்ட பொடியனை நான் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அவன் கண்டதைச் செய்தான். நுண்கடன் வசூலிக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, அயலவர் கேட்க, தாய்மாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் 2018இல் முன்வர வேண்டிய அளவுக்கு அந்த வேதனை பெரிது. கடன்பட்டவரை நாலு பேர் முன்னால் நாணவைத்தால் காசு வரும் என்று பிள்ளைகளுக்கு நாம்தான் காட்டிக்கொடுத்திருக்கிறோம். அவன் அதைப் போனுக்குள் கொண்டுவந்தான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் தலைமைத்துவம் என்பேன். வகுப்புத் தலைவியாக இருக்கிற பிள்ளை அவனை அழிக்கச் சொன்னாள். அழித்தான். ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷொட் பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டது. "எல்லோருக்கும் அழி" என்று அமத்தினால் நம் குழுவில்தான் அழியும், மற்றவரின் போனில் படமாகக் கிடப்பது கிடக்கும். அது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. தலைவி பக்கத்து வகுப்புக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டு அழிக்கவைத்தாள். பிறகு அந்தப் பொடியனையும் கூட்டிக்கொண்டு, வராமல் இருந்த பிள்ளையின் வீட்டுக்கே போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று அக்காவின் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் மூவரும் ஒன்றாக வந்தார்கள்.

நம் மாவட்டத்தில் தலைமைத்துவப் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. ஒருநாள் செயலமர்வு, சான்றிதழ், குழுப் படம். வருகிற வளவாளர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சின்னம் குத்திய மாணவத் தலைவர், வரிசையைப் பார்ப்பதையும் பிந்தி வருகிறவரின் பெயர் எழுதுவதையும் தவிர வேறு எதைத் தீர்மானிக்கிறார்? தீர்மானிக்க ஒன்றும் கொடுக்காமல் தலைமைத்துவம் எங்கிருந்து வரும்? 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனாலும் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். பதினாறு, பதினேழு வருடம் படிப்பித்தும், சொந்தமாக ஒன்றைத் தொடங்கிப் பார்க்கும் துணிவை இந்தப் பிள்ளைகளுக்கு எங்கேயாவது கொடுத்தோமா?

இணைய ஒழுக்கம் என்று வந்தால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறோம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. பயந்த பிள்ளை தனக்கு ஒன்று நடந்தாலும் வாய் திறக்காது. யாரிடம் சொல்வது என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அதை எத்தனை வகுப்பறைச் சுவரில் எழுதியிருக்கிறோம்?

பெரியவர்களான நம்மையும் சொல்ல வேண்டும். பெறுபேறு வந்த அன்று 9ஏ எடுத்த பிள்ளையின் பெயர், பாடசாலை, சுட்டெண் எல்லாம் தெரியும்படி முகநூலில் போடுகிறோம். சுட்டெண் கையில் இருந்தால் யாரும் அந்தப் பெறுபேற்றைத் திறந்து பார்க்கலாம். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? சிறுவர் சந்தை என்றால் அம்மா வாங்கி, அம்மா விலை போட்டு, அம்மா விற்கிறார். பிள்ளை படத்துக்கு நிற்கிறது. தயவுசெய்து அடுத்த சந்தைக்கு முதலையும் விலையையும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நட்டம் வந்தால் வரட்டும். 500 ரூபாய் நட்டத்தைத் தாங்கும் வயது அதுதான். படம் போடுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள்.

என் 2,400 ரூபாயும் வந்து சேர்ந்துவிட்டது. இந்தத் தவணை பாலைப்பழம் விற்கப் போகிறார்களாம். கடனுக்குக் கொடுப்பதா இல்லையா என்று வகுப்பில் ஒரு பாடநேரம் முழுக்க வாதம். கொடுக்கவே கூடாது என்று பாதிப் பேர். கையில் காசில்லாத பிள்ளை அன்று பார்த்துக்கொண்டே நிற்பதா என்று மற்றப் பாதி. இன்னும் முடிவாகவில்லை. வகுப்பாசிரியை பின் வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம், ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.