மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்

கார்த்திகை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களில் சிலர், முந்தின இரவுவரை குடித்துவிட்டு, விடியற்காலையில் குளித்து மாலை அணிந்து, 41 நாளும் ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்கள். அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பல வருடம் தினமும் குடித்துப் பழகிய உடம்புக்கு, சட்டென்று நிறுத்துவதே உயிராபத்தாக முடியலாம் என்பதை எங்கள் வீட்டில் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

என் சித்தப்பா காலையில் கண்விழித்ததும் குடிக்கிறவர். மாதத்தின் ஒன்றாம் தேதி கேரளத்தில் மதுக்கடை அடைப்பு என்றால், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடுவார். ஆகவே அவர் மது இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. மாலை போட்ட அன்று சாயங்காலமே கை நடுங்கிக் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் இரவு வலிப்பு வந்தது. சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம், சற்று நேரத்தில் தூங்கிவிட்டார், சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் இரவு, கறுப்பு வேட்டியில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிப் போட்டபடி, இறந்துபோன தாத்தாவோடு பேசத் தொடங்கினார். சாமி வந்திருக்கிறது என்றார்கள். அப்பா திருநீறு பூசினார். நானும் கைகூப்பி நின்றேன். இன்றுவரை அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, கடைசியாகக் குடித்தது எப்போது என்பதுதான். மது மூளையை ஓயாமல் மந்தப்படுத்துவதால், அதற்கு ஈடாக மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது திடீரென நின்றால் அந்த வேகம் மட்டும் கட்டுப்பாடின்றி மிஞ்சும் என்று மருத்துவர் விளக்கினார். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். சித்தம் கலங்குவது இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள். மூளையின் அந்த வேகத்தை அடக்க குளோர்டையஸெபாக்ஸைடு, லோரஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள்; அந்தச் சத்து வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாமாம். வீட்டுத் திண்ணையில் வைத்து இதையெல்லாம் யார் பார்க்க முடியும்?

தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. டேபெண்டடால் போன்ற வலி மாத்திரையையோ ஹெராயினையோ விடும்போது வாந்தியும் பேதியும் உடல்வலியும் வாட்டி எடுக்கும். நீரிழப்பைக் கவனித்தால் பெரும்பாலும் உயிர் போகாது. ஆபத்து அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பத்து நாள் அறையில் பூட்டிவைக்கப்பட்ட பையனின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்ததும் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். பிள்ளை திருந்தட்டும் என்று கதவைப் பூட்டுகிற பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ப்யூப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டால் அந்தத் தவிப்பும் அடங்கும், மறுபடி விழுகிற வாய்ப்பும் குறையும்.

போலீசுக்குப் பயந்து மறைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. அடிமையானவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. கேரளத்தில் விமுக்தி என்ற அரசுப் போதை மீட்பு மையங்கள் இருக்கின்றன. 14446 என்ற தேசிய உதவி எண்ணை எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்தும் அழைக்கலாம்.

சித்தப்பா ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மருந்தால் உடம்பு தேறியதே தவிர, குடிக்கும் ஆசை அடங்க மாதாமாதம் ஆலோசனைக்குப் போகவேண்டியிருந்தது. இடையில் ஒருமுறை மறுபடி குடித்தார், மறுபடி அழைத்துப் போனோம். குடியை விட்டு இப்போது இரண்டு வருடமாகிறது. எங்கள் குருசாமி, மாலை கேட்டு வருகிறவர்களிடம், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குமா என்று முதலில் கேட்கிறார். நடுங்கும் என்று சொன்ன இருவரை, இந்த வாரம் சித்தப்பாவே பேருந்தேற்றிப் பாலக்காட்டுக்கு அழைத்துப் போனார்.