எத்தனை லிட்டர் கீசர் வேண்டும் சார்?

வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்றால் டைல்ஸ் நிறத்துக்கு யோசனை சொல்ல ஊரே வரும். வெந்நீருக்கு என்ன வழி என்று கேளுங்கள், "அதைக் கடைசியில் மாட்டிக்கலாம் சார்" என்பார்கள். கடைசியில் எப்படி ஐயா மாட்டுவது? சுவருக்குள் போகும் குழாய், கீசருக்கென்று தனி வயர், தண்ணீரோடு தொங்கும் எடையைத் தாங்கும் சுவர், இதெல்லாம் டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவாக வேண்டாமா?

பிளம்பர், கீசரை வாங்கி வையுங்கள், பார்த்து பாயின்ட் வைக்கிறேன் என்கிறார். எலக்ட்ரீசியன், எத்தனை கிலோவாட் என்று சொல்லாமல் வயர் இழுக்க மாட்டாராம். நியாயம்தான். சரி என்று கடைக்குப் போனால், "உங்க பிளம்பர் என்ன சொன்னார்?"

கடையில் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: எத்தனை லிட்டர்? 2 கிலோவாட் கீசர் 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை மணி நேரம் எடுக்கும். இதைச் சொல்ல ஆளில்லை. காத்திருக்க முடியாது என்றால், "இன்ஸ்டன்ட் எடுங்க, உடனே வரும்." வரும், எவ்வளவு வரும்? 20 டிகிரி சூடேற்ற வேண்டுமென்றால் 3 கிலோவாட் ஹீட்டரால் நிமிடத்துக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல்தான் தொடர்ந்து தர முடியும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரையும் அதே ஆள்தான் அதே பில்லில் சேர்க்கிறார். அதற்கு 11 கிலோவாட் வேண்டும். வீட்டு இணைப்பு அதைத் தாங்குமா என்று கேட்டால் உடனே எலக்ட்ரீசியனைக் கை காட்டுகிறார்.

பெட்டி மேல் '8 பார்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அது கீசர் தாங்கும் அழுத்தம். நம் குழாயில் வரும் அழுத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஷவருக்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார். அந்த அழுத்தத்தில் பல கேஸ் ஹீட்டர்களில் பர்னரே பற்றாது. அதையும் விற்பார்கள்.

கேஸ் என்றதும்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டரைக் குளியலறைக்குள் மாட்டச் சொல்லி, "சின்ன ஜன்னல் இருக்கு இல்ல, போதும்" என்கிறார் ஒருவர். கேஸ் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர் கதவைத் திறக்காமலே போய்விடுவார். இதில் விளையாட என்ன இருக்கிறது?

உப்புத் தண்ணீர் என்று சொன்னால் தலையாட்டுவதோடு சரி. கீசரின் உள்தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் கம்பி உள்ளே இருக்கிறதே, அது தேய்ந்தால் மாற்றுக் கம்பி கிடைக்குமா என்றேன். கீசரையே மாற்றச் சொல்கிறார்கள்!

ஒருவழியாக நாமே கணக்குப் போட்டு மாடலைத் தேர்ந்தெடுத்தால், அது இருப்பில் இல்லை. "இதுவும் அதேதான் சார், போன்லயே ஆன் பண்ணலாம்" என்று வேறொன்றைத் தள்ளுகிறார்கள். போன் கிடக்கட்டும், கீழே இரண்டு குழாய்க்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி, சுவரில் பாயின்ட் வைக்கணும் என்றேன். பெட்டியைப் பிரித்தால்தான் தெரியுமாம். பிரித்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.