முதுகை வரைந்தால் முகம் வரையத் தெரியாது என்று அர்த்தமா?

ஞாயிற்றுக்கிழமை ஓவியக் கண்காட்சியில், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதரை நான் வரைந்திருந்த படத்தைப் பற்றி நடுவர் பேசியதை நேரிலோ காணொளியிலோ எல்லாரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முழுக்கதையையும் மறுபடி சொல்லவில்லை. "முகம் வரையத் தெரியாதவர்கள்தாம் முதுகை வரைவார்கள்" என்று நடுவர் மைக்கில் சொன்னதும் அரங்கமே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் பேருந்தில்தான் அது உறைத்தது.

முகத்தை ஒளிப்பதற்காக யாரும் முதுகை வரைவதில்லை. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1818 வாக்கில் வரைந்த ஓவியத்தில், மூடுபனிக்கு மேலே பாறையில் நிற்கும் மனிதனும் நமக்கு முதுகைத்தான் காட்டுகிறான். அவன் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி நிற்கிறான். அதற்கு முன், 1808-10இல் வரைந்த கடலோரத் துறவியின் படத்தில் கப்பல்களும் இருந்தன என்பதும், அவரே பிறகு அவற்றின்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார் என்பதும் அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் தெரியவந்தன. கப்பல் வரையத் தெரியாமல் அழித்தார் என்று நம் நடுவர் தீர்ப்பளிப்பார் போலும்.

"பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல்" என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. "நடுவர் கருத்துச் சொல்லக்கூடாதா?" என்பீர்கள். தாராளமாகச் சொல்லட்டும், படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

என் படத்தில் பனைகளுக்கு நடுவே ஒற்றை ஆள் நிற்பதைக் கண்டவுடன் "மனச்சோர்வின் வெளிப்பாடு" என்றும் சொல்லிவிட்டார். அந்த மனிதர் சோர்ந்து நிற்கவில்லை, ஐயா. வாய்க்கால் மேட்டில் ஆழியாற்றுத் தண்ணீருக்காகக் கிழக்கே பார்த்து நிற்கிறார். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட 1970 ஒப்பந்தப்படி எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) வர வேண்டும், அது எப்போது வரும் என்பதை வாய்க்கால் மேட்டில் நின்றுதான் என் அப்பா தெரிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நடந்தே வளர்ந்தவன் நான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வேட்டி ஒரு பக்கமாகப் படபடக்க, வலத்தோள் சற்றுத் தாழ்ந்த அந்த முதுகை இருட்டிலும் அடையாளம் சொல்வேன். இறந்து ஆறு வருடங்களில் அவர் முகம் எனக்கு மங்கிவிட்டது, முதுகு மங்கவில்லை. இதை மைக்கில் எப்படிச் சொல்வது?

இடத்தோளில் இருக்கும் புடைப்பைக் காட்டி "கவனக்குறைவு" என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் இறுகும். தடித்துப் பூசினால் மேலே ஆடை கட்டினாலும் உள்ளே மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், அதிலும் நம் ஊர் ஆடி மாதத்தில் சொல்லவே வேண்டாம். அந்தத் தோளில் கிடந்த துண்டை, ஓவியக் கத்தியால் வண்ணத்தை அப்பித் தடிப்பாகத்தான் போட்டிருந்தேன். பத்து நாள் கழித்து அம்மா மாடிக்கு வந்து, யார் என்றுகூடக் கேட்காமல், "உங்கப்பா என்னைக்குடா எடது தோள்ல துண்டு போட்டாரு?" என்றார்.

அன்றிரவே துண்டை வலத்தோளுக்கு மாற்றினேன். பழைய துண்டு வண்ணத்துக்கு அடியில் அப்படியே இருக்கிறது.