பாதரசக் கருவியில் 125 கிடையாது

பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. "நல்லா மனப்பாடம் பண்ணு" என்று சொல்லி அவர்களை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த பெற்றோரும் படிக்கலாம்.

2021-22 முதல் பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது. முதல் செமஸ்டரில் அனாடமி, பிசியாலஜி, சைக்காலஜி, சோஷியாலஜி, இங்கிலீஷ், கூடவே நோயாளியைக் கவனிக்கும் அடிப்படையைக் கற்றுத்தரும் நர்சிங் ஃபவுண்டேஷன். எல்லோரும் அனாடமியைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது ஃபவுண்டேஷனுக்கு. மறந்துபோன எலும்பின் பெயரைப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். முதல் வருடத்தில் கை எப்படிப் பழகுகிறதோ, நாலாவது வருடத்திலும் அப்படித்தான் பி.பி. பார்க்கும்.

ஆனால் நம் பிள்ளைகளின் இரவெல்லாம் ரெக்கார்டு நோட்டுக்கே போகிறது. மார்ஜின் போட ஒரு கலர், தலைப்புக்கு ஒரு கலர், இதயத்தின் படத்துக்கு ஷேடிங். அதில் பாதி நேரத்தைப் பக்கத்து அறைத் தோழியின் கையில் கஃப் (பி.பி. பார்க்கக் காற்றடிக்கும் பட்டை) கட்டிப் பார்ப்பதற்குக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம்.

வார்டு சார்ட் ஒன்றில் 125/85 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். பார்த்தது பாதரசக் கருவியிலோ, வட்ட டயல் கருவியிலோ என்றால் அந்த எண் சந்தேகத்துக்குரியது. இரண்டிலும் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும். 124 உண்டு, 126 உண்டு, 125 கிடையாது. டிஜிட்டல் கருவியில் 125 வரும், அது வேறு கதை. வரிசையாகப் பத்துப் படுக்கைக்கும் 120/80 என்று இருந்தால் அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரியாகப் பார்ப்பது எப்படி? நோயாளி 5 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை இதய மட்டத்தில். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. கஃபுக்குள் இருக்கும் ரப்பர் பையின் அகலம் மேற்கையின் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், இல்லாத பி.பி.க்கு மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள். கை தொங்கிக்கொண்டிருந்தாலும் கூடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தாலும் கூடும். "சாப்பிட்டீங்களாம்மா" என்று விசாரிப்பதைக் கஃபைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி ஒன்று இருக்கிறது. ஸ்டெத்தை வைக்கும் முன் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடியுங்கள். நாடி மறையும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்டெத் வைத்து அந்த எண்ணுக்கு மேல் 30 வரை ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். இது ஏன் என்றால், சத்தம் முதலில் கேட்கும் எண்தான் பி.பி.யின் மேல் அளவு. சிலருக்கு 180-இல் கேட்கும் சத்தம் 160-இல் மறைந்து 140-இல் மறுபடி வரும். நாடியைத் தொடாமல் குத்துமதிப்பாக 150 வரை மட்டும் ஏற்றியவர் 140 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். இந்தச் சத்தங்களைக் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்னது 1905-இல். இன்னும் நம் காதுக்குப் பிடிபடவில்லை.

மூச்சு எண்ணுவது இதைவிட மோசம். 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் 16, 20, 24 தவிர இடையில் எதுவும் வராது. ஒரு மூச்சை விட்டால் கணக்கில் நாலு போய்விடும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். "மூச்சு எண்ணப் போறேன்" என்று சொன்னால் அவர் மூச்சே மாறிவிடும். நாடி பார்த்த கையை எடுக்காமல் அப்படியே நெஞ்சைக் கவனியுங்கள். கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பரவும்போது முதலில் ஏறும் எண்களில் மூச்சும் ஒன்று. 22 என்பதே எச்சரிக்கை. சார்ட்டில் எல்லோருக்கும் 20 என்று நிரப்பிவைத்தால் அந்த 22 யார் கண்ணிலும் படாது.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கிலீஷை நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கிறார். புரிவது தமிழில் புரியட்டும், தப்பில்லை. ஆனால் டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சுச் சிரமம். இப்படி ஓர் எழுத்தில் மாறும் சொற்களைத் தனி நோட்டில் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு வாய்வழியாகச் சாப்பாடு கொடுத்தால் நுரையீரலுக்குள் போகலாம்.

இரண்டாவது செமஸ்டரில் மருந்துக் கணக்கு வரும். பிளஸ் டூ கணக்கைவிட எளிது, ஆனால் இங்கே ஸ்டெப் மார்க் கிடையாது. 500 மி.லி. ட்ரிப்ஸை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ட்ரிப்ஸ் குழாய் செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு என்றால் 500 × 20 ÷ 240, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. அதே 42-ஐ 15 சொட்டு செட்டில் ஓடவிட்டால் பாட்டில் 3 மணி நேரத்தில் காலி. இதயம் பலவீனமான முதியவருக்கு அது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். சொட்டு எண்ணிக்கை செட்டின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். உறையைப் படிக்காமல் குப்பைக் கூடையில் போடாதீர்கள்.

இன்சுலினுக்கு வருவோம். நம் ஊரில் இன்சுலின் குப்பி, அதாவது வயல், 1 மி.லி.க்கு 40 யூனிட் என்றும் கிடைக்கிறது, 100 யூனிட் என்றும் கிடைக்கிறது. சிரிஞ்சும் அதேபோல இரண்டு வகை. பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது கால் மி.லி., அதாவது 25 யூனிட். சர்க்கரை சரிந்து நோயாளி மயங்கிவிடலாம். மாற்றிச் செய்தால், 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 10 கோடு எடுத்தால், போவது 4 யூனிட்தான். டெமோ ரூமில் இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தண்ணீரை இழுத்துப் பாருங்கள். வார்டில் "பத்து பாயிண்ட் போடு" என்று யாராவது சொன்னால், எந்த வயல், எந்த சிரிஞ்ச் என்று கேளுங்கள். டாக்டரின் சீட்டில் இருப்பது யூனிட், கோடு அல்ல.